ஏழாவது ஆள்

"நீ கட்டை, சரிவராது." வலைப்பந்து அணிக்கு ஆள் எடுத்தவர் எனக்குச் சொன்னது இவ்வளவுதான். சென்டரில் நின்று பந்தை ஆருக்கு, எப்ப குடுப்பன் எண்டு பார்க்கவேயில்லை.

என்.பி.ஏ.யிலும் இது நடக்கும். 2009 ட்ராஃப்டில், ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்ட் தேடிய மினசோட்டா 5ஆவதாக ரிக்கி ரூபியோவையும் 6ஆவதாக ஜொனி ஃபிளினையும் எடுத்தது. மெலிந்த உடம்பு என்று பலர் சந்தேகப்பட்ட ஸ்டீஃபன் கரி 7ஆவதாகக் கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார். பிறகு நான்கு முறை சம்பியன்.

உயரத்தை அளக்க ஒரு நிமிசம் போதும். விளையாட்டை அறிய நாலு மட்ச் பொறுமையா இருந்து பார்க்கவேணும்.

கரியை ஓர் அணி விட்டால் அடுத்த அணி எடுக்கும். அக்கராயனுக்கு ஆள் எடுக்க வாறது ஒருத்தர்தான். அவர் விட்டா விட்டதுதான்.