நிற்கும் வண்டியின் செலவு

மகிழுந்து என்னும் சொல் தமிழுக்கு வாய்த்த இனிய ஆக்கங்களுள் ஒன்று. வகுப்பறையில் இச்சொல்லைப் பலமுறை பிரித்துப் பொருள் கூறியிருக்கிறேன். மகிழ்ச்சி சொல்லிலேயே அமைந்துவிட்டது. செலவு சொல்லில் இல்லை. அதனைக் கண்டுகொள்ள எனக்கு எட்டு ஆண்டுகள் பிடித்தன.

2016ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பெரியபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு சிறிய கார் வந்து நின்றது. பதிவு, ஆயுள்கால வரி, முதலாண்டுக் காப்பீடு எல்லாம் சேர்த்து 5,20,000 ரூபாய். கையிருப்பு 1,70,000, கடன் 3,50,000. மாதம் 7,436 ரூபாய் வீதம் 60 தவணைகள். தெருவே கூடி வாழ்த்தியது. அத்தா மட்டும் வண்டியை ஒருமுறை சுற்றி வந்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்துகொண்டார்கள். வட்டியோடு வந்த பொருள் என்பதனால் அவர்கள் முகம் வாடியிருந்தது. அன்று மாலை அவர்கள் சொன்னது ஒன்றே: “உழாத நாளிலும் மாட்டுக்குத் தீவனம் உண்டு, தம்பி.”

அத்தா மளிகைக் கடை நடத்தியவர்கள். சுற்றுவட்டக் கிராமங்களுக்குச் சரக்கு அனுப்பச் சொந்தமாக வண்டியும் மாடும் வாங்கினார்கள். ஓராண்டுக் கணக்கைப் பார்த்தபின் இரண்டையும் விற்றுவிட்டு, வேண்டும்போது வாடகை வண்டி அமர்த்தினார்கள். அந்தப் பழைய கதையைத்தான் நினைவூட்டுகிறார்கள் என்று அறிந்தும் நான் சிரித்துவிட்டுப் போனேன்.

கல்லூரிக்குப் பெரும்பாலும் பேருந்திலேயே வந்தேன். கார், விடுமுறை நாள்களுக்கும் திருமண வீடுகளுக்கும் அவசரங்களுக்கும் ஆயிற்று. பெட்ரோல் போட்டால் செலவு, போடாவிட்டால் செலவில்லை என்பதே என் எண்ணம். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. வண்டி வாசலை விட்டு நகரவில்லை. தவணை நகர்ந்தது, காப்பீட்டு நாள் நெருங்கியது, பேட்டரி நின்ற இடத்திலேயே செத்தது. உழாத மாட்டின் தீவனக் கணக்கு அப்போது கண்ணில் பட்டது. ஆயினும் அதை முழுதாக எழுதிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

2021இல் மூத்த மகள் மேல்நிலைப் படிப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தாள். வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்க விரும்பினாள். அவ்வாண்டு கடனின் இறுதித் தவணைகளும் காப்பீடும் நான்கு புதிய டயர்களும் ஒருங்கே வந்து சேர்ந்தன. “இப்போது முடியாதம்மா” என்றேன். அவள் மறுமொழி கூறவில்லை. மூன்றாண்டுகள் இரண்டு பேருந்து மாறி அருகிலிருந்த கல்லூரியில் படித்தாள். அவள் காலையில் புறப்படும்போதெல்லாம் கார் வாசலில் நின்றது.

2024 ஜூனில் வண்டியை 1,60,000 ரூபாய்க்கு விற்க விலை பேசியபோதுதான் முழுக் கணக்கையும் எழுதினேன். மதிப்பில் தேய்ந்தது 3,60,000. வட்டி 96,160. பெட்ரோல் 3,30,000. பிந்திய ஏழாண்டுக் காப்பீடு 77,000. பழுது, டயர், பேட்டரி 1,35,000. சுங்கமும் நிறுத்தக் கட்டணமும் 22,000. ஆகமொத்தம் 10,20,160 ரூபாய். ஓடியது 64,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் என்று பெட்ரோலை மட்டும் வைத்து நம்பியிருந்தேன். உண்மையில் அது ஏறத்தாழ 16 ரூபாய். இரண்டு பங்குக்கும் மேற்பட்ட செலவு என் கண்ணில் படாமலே போயிருக்கிறது.

இவற்றுள் பெரியது தேய்மானம். அது யாரும் ரசீது தராத செலவு. காப்பீட்டுக் கணக்கில் ஆறு மாதம் கடந்த வண்டியின் விலையில் 15 விழுக்காடும், நான்காண்டு கடந்த வண்டிக்கு 50 விழுக்காடும் கழித்தே மதிப்பிடுவர். 2008ஆம் ஆண்டில் டாடா நிறுவனம் நானோ காரை அறிமுகம் செய்தபோது நாடெங்கும் ‘ஒரு லட்சம்’ என்பதே பேச்சாயிருந்தது. வாங்கும் விலையைப் பற்றிப் பேசிய அளவுக்கு, வைத்திருக்கும் விலையைப் பற்றி நாம் பேசவில்லை.

பிறர் தலையில் விழும் செலவும் உண்டு. நம் வண்டியால் சாலையில் செல்லும் ஒருவருக்குத் தீங்கு நேரலாம் என்பதாலேயே மூன்றாம் நபர் காப்பீட்டை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆடித் திருவிழா ஞாயிறுகளில் பவானி அம்மன் கோயிலை நோக்கி வரும் வண்டிகள் எங்கள் ஊர்ச் சாலையை அடைத்து நிற்கும்போது, அந்நெரிசலில் என் வண்டியும் ஒன்று என்பதை எண்ணியிருக்கிறேன்.

எனினும் ஒரு வரவை மறைத்தல் நேர்மையாகாது. 2018இல் ஒரு நள்ளிரவில் அத்தாவுக்கு நெஞ்சுவலி கண்டது. 108 ஊர்தியை அழைத்திருக்கலாம். அந்தப் பதற்றத்தில் வாசலில் நின்ற வண்டியே நினைவுக்கு வந்தது. செங்குன்றம் வழியே சென்னைக்குக் கொண்டு சேர்த்தோம். அதன்பின் நான்காண்டுகள் எங்களோடு இருந்து, 2022இல் வஃபாத்தானார்கள். அந்த ஓரிரவை மட்டும் 16 ரூபாயால் பெருக்கிப் பார்க்க என் கை எழவில்லை.

ஆகவே கார் வாங்காதீர்கள் என்று நான் கூறவில்லை. அன்றாடப் பிழைப்புக்கு வண்டி வேண்டியவர்கள் உண்டு; நடக்க இயலாத பெரியோர் உள்ள வீடுகள் உண்டு. மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் முதல் சம்பளம் வாங்குவீர்கள். ‘தவணை எவ்வளவு’ என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். வண்டி நிற்கும் நாளில் எவ்வளவு, விற்கும் நாளில் எவ்வளவு, அந்தப் பணத்துக்காக வீட்டில் காத்திருப்பவர் யார் என்றும் கேளுங்கள்.

விற்று வந்த தொகையை மகளின் முதுகலைப் படிப்புக்கும் விடுதிக்கும் எடுத்து வைத்தேன். அவளை விடுதியில் சேர்க்கச் சென்ற நாளில் வாடகை வண்டி அமர்த்தினோம். இறங்கியதும் ஓட்டுநருக்குப் பணம் கொடுத்தேன். வண்டி திரும்பிச் சென்றது. “அத்தா, இப்போது வருத்தமாக இருக்கிறதா?” என்று மகள் கேட்டாள். காரைப் பற்றிக் கேட்கிறாள் என்று எண்ணி, “இல்லையம்மா” என்றேன். அந்த மூன்றாண்டுகளைப் பற்றி அவள் கேட்டிருந்தால் என் விடை வேறு.