தெரேசா பொறுக்கிய ஓக் கொட்டைகள்

1615-இல் வெளிவந்த டான் க்விக்ஸோட் இரண்டாம் பாகத்தைச் சென்ற கார்காலத்தில் மறுபடி வாசித்துக்கொண்டிருந்தபோது, முதல் வாசிப்பில் நான் கவனியாது கடந்துவிட்ட ஒரு கடிதம் என்னைக் கைப்பிடித்து நிறுத்திவிட்டது. கதாநாயகனின் பணியாள் சாஞ்சோ பான்சாவின் மனைவி தெரேசா, தனக்குப் பவழமாலை அனுப்பி, அவ்வூர் ஓக் கொட்டைகளில் இரண்டு டஜன் வேண்டுமென்று கேட்டிருந்த சீமாட்டிக்கு எழுதுவிக்கும் மறுமொழி அது. எழுத்தறியாத அவள், கோயிற்சிறுவன் ஒருவனுக்கு ரொட்டியும் இரண்டு முட்டையும் கொடுத்து அதை எழுதுவிக்கிறாள். சீமாட்டியின் தூதன் வந்தபோது ஒரு செலமீன், அதாவது ஏறக்குறைய நாலரை லிட்டர், தருவதாக மகிழ்ந்து வாக்களித்தவள், இப்போது அதில் பாதியையே அனுப்புகிறாள். அவ்வருஷம் ஊரில் கொட்டை சேகரமாகவில்லை என்று மனம் நொந்து, இருப்பவற்றைத் தானே காட்டுக்குப் போய் ஒன்றொன்றாகத் தேர்ந்தெடுத்ததாகவும், அவை தீக்கோழி முட்டையளவு பெருத்திருக்கலாகாதா என்று ஏங்குவதாகவும் சொல்கிறாள்.

ஏன் சேகரமாகவில்லை என்று நூலாசிரியர் செர்வாண்டிஸ் சொல்லவில்லை. எனக்கோ அதை அறியாமல் மேலே வாசிக்க மனம் வரவில்லை.

ஸ்பெயினின் ஹோம் ஓக் வசந்தத்தில் பூத்து, மகரந்தத்தைக் காற்றில் விட்டு, அதே வருஷம் இலையுதிர்காலத்தில் கொட்டையை முதிர்விப்பது. இடையே வரும் கோடை கொடிதாயிருந்தால், மரம் தன் பிஞ்சுகளையே உதிர்த்துவிடும். ஒரு பிரதேசத்து மரங்கள் பலவும் சேர்ந்தாற்போல ஒரு வருஷம் கொட்டிக் குவிப்பதும், மறு வருஷங்களில் கைவிரிப்பதும் அவற்றின் சுபாவம். பஞ்ச வருஷங்களில் புழு பூச்சிகள் பட்டினியால் அருகிப்போக, அடுத்து வரும் மிகுதியை உண்டு தீர்க்க அவற்றால் இயலாது.

அந்தப் பூச்சிகளுள் முதன்மையானது, தன் நீண்ட மூக்கால் கொட்டையைத் துளைத்து முட்டையிடும் கூன்வண்டு. பருப்பைத் தின்று வளர்ந்த புழு வெளியேறி மண்ணுக்குள் புதைந்து, ஓராண்டோ, இரண்டு மூன்று ஆண்டுகளோ உறங்கிக் கிடக்கிறது. வண்டாகி வெளிவர வேண்டிய வேளையிலோ, கோடையில் காய்ந்து இறுகிய மண் அதற்குச் சிறையாகிவிடுகிறது. கோடையின் முடிவில் பெய்யும் மழையே அந்தக் கதவைத் திறக்கிறது. எந்த மழைக்காகக் கொட்டை தாகத்துடன் காத்திருக்கிறதோ, அதே மழைதான் அதன் சத்துருவையும் விடுவிக்கிறது என்பதை அறிந்த நாளில் நான் வெகுநேரம் புஸ்தகத்தை மூடி வைத்திருந்தேன். வறட்சி நீண்டு மழை பிந்தும் வருஷங்களில் கொட்டையும் குறைகிறது, வண்டின் வருகையும் தடைப்படுகிறது. தட்பவெப்பம் மாறி அத்தகைய வருஷங்கள் பெருகினால் இவ்விருவருள் எவர் முந்தி நலிவரோ என்று எண்ணும்போது, அந்தக் காடுகளை ஒருநாளும் கண்டிராத எனக்கும் நெஞ்சு கனக்கிறது.

தெரேசாவின் ஏக்கத்திலும் ஓர் உண்மை இருந்தது. பெருத்த கொட்டையாயின், புழு வயிறு நிரம்பி வெளியேறிய பின்னும், முளைக்கரு பிழைத்திருந்தால், எஞ்சிய பருப்பைக்கொண்டே செடி முளைப்பதுண்டு. அந்தச் சொற்ப விளைவில் எத்தனை கொட்டைகளை அவள் எடுத்து, விரலால் திருப்பி, ஊசித்துளை கண்டு கீழே போட்டிருப்பாள்! அரைச் செலமீன் நிறைவதற்குள் பொழுது சாய்ந்திருக்கும். கூடவே நல்ல பாலாடைக்கட்டி ஒன்றையும் அனுப்பினாள். சீமாட்டி இரண்டையும் மிகுந்த சந்தோஷத்தோடு வாங்கிக்கொண்டாளாம்.