மிதிக்கிற காலும் படிக்கிற கண்ணும்



"மலருக்கு ஏதாச்சும் எழுதிக் கொடுப்பா" என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "எனக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டுதாண்ணே. ஒண்ணு ரத்தப் பரிசோதனை, இன்னொண்ணு சைக்கிள்" என்றேன். "அப்ப ரெண்டையும் சேர்த்து எழுதிரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரெண்டும் சேருமா, சேராதா? நான் மருத்துவ ஆய்வுக்கூடப் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் நடக்கிற பட்டிமன்றமே இதுதான்!

எங்கள் ஊர் மல்லாங்கிணறு. கரிசல் காடு, பருத்தி, மக்காச்சோளம், மிச்சமுள்ள இடமெல்லாம் சீமைக்கருவேலம். அங்கிருந்து விருதுநகருக்கு முக்கால் மணி நேர மிதி. ஆடி மாதத்தில் காலையில் எதிர்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். சாயங்காலம் அதே காற்று முதுகில் கை வைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடும். கருவேல முள்ளுக்கு மட்டும் காலை, மாலை பேதம் கிடையாது. பஞ்சர் ஒட்டுகிற சாமான் இல்லாமல் நான் கிளம்புவதே இல்லை.

பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் தொடங்கிய பைத்தியம் இது. பிளஸ் டூ லீவில் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில் ஒரு பழைய கியர் சைக்கிள் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பாலவநத்தம், விருதுநகர் என்று ஒரு சுற்று. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவைக் குற்ற உணர்ச்சி இல்லாமல் சாப்பிட இதைவிட நல்ல வழி உண்டா?

ஆனால் எங்கள் படிப்பு லேசுப்பட்டதல்ல. "ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்லைடில் ரத்தத்தை மெல்லிசாக இழுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் நூறு வெள்ளையணுக்களை வகை பிரித்து எண்ண வேண்டும். ஒரு பூஜ்யம் கூடினாலும் குறைந்தாலும் வைத்தியமே மாறிப் போகும். உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் என்று புத்தகங்கள் வேறு. மருத்துவமனைப் பயிற்சி வாரங்களில் காலை ஏழு மணிக்கே வெறும் வயிற்று ரத்தம் எடுக்க நிற்க வேண்டும்.

"படிக்கிற பிள்ளைக்கு ரேஸு எதுக்குப்பா? ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு நிக்காத. ஒண்ணு அங்கிட்டு இரு, இல்ல இங்கிட்டு இரு" என்பது அம்மாவின் தீர்ப்பு.

ஆனால் பாருங்கள், சைக்கிளுக்கும் வைத்தியத்துக்கும் பழைய சொந்தம் உண்டு. காற்றடைத்த டயரை நடைமுறைக்குக் கொண்டுவந்த டன்லப், பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர். மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடவேண்டும் என்று செய்து பார்த்து, 1888இல் காப்புரிமை வாங்கினார். நம் நாட்டிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவை மேற்கிலிருந்து கிழக்காகக் கடக்கும் 'ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா' போட்டி சுமார் 4,800 கிலோமீட்டர். 2015இல் அதை இருவர் அணியாக முடித்தவர்கள் நாசிக் நகரத்து மகாஜன் சகோதரர்கள். ஹிதேந்திரா மயக்க மருந்து நிபுணர், மகேந்திரா பல் மருத்துவர். 2017இல் தனி ஆளாக 12 நாள் கெடுவுக்குள் முடித்த முதல் இந்தியர் ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத், ராணுவ மருத்துவர். அதே ஆண்டு, சில மணி நேரம் பின்னால் வந்து முடித்த அமித் சமர்த், நாக்பூர் மருத்துவர். நோயாளியையும் பார்த்துக்கொண்டு பெடலையும் மிதித்தவர்கள் இவர்கள். இதை அம்மாவிடம் சொன்னேன். "அவுகள்லாம் படிச்சு முடிச்சிட்டு மிதிச்சாக" என்று ஒரே போடு!

சரி, படிக்கும்போதே சைக்கிள் எனக்கு என்ன கொடுத்தது? ஒரு நாள் செய்முறை வகுப்பில் ஒருவர் ரத்தத்தை ஒருவர் எண்ணிப் பார்த்தோம். என் வெள்ளையணு 14,000! 11,000 தாண்டினாலே யோசிக்க வேண்டும். "மாப்ள, உனக்கு ஏதோ கிருமித் தொற்றுடா" என்று நண்பர்கள் எனக்கு மாத்திரையே எழுதிவிட்டார்கள். ஆசிரியர் சிரித்தார். "காத்துக்கு எதிர்ல மூச்சு வாங்க மிதிச்சு வந்தியா?" ரத்தக்குழாயின் ஓரச் சுவரில் ஒட்டிக் கிடக்கும் வெள்ளையணுக்கள், கடும் உழைப்பில் ரத்த ஓட்டம் வேகமெடுக்கும்போது நடு ஓட்டத்துக்கு வந்துவிடும். எண்ணிக்கை கூடும். ஓய்வெடுத்தால் இறங்கும். புத்தகத்தில் ஒரு வரியாகக் கிடந்தது என் விரல் நுனியில் நிரூபணமானது. அன்று முதல் ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம், "அய்யா, வேகமா நடந்து வந்தீகளா? கொஞ்ச நேரம் உக்காருங்க" என்று சொல்லாமல் நான் ஊசி எடுப்பதில்லை.

மனப்பாடமும் சைக்கிளில்தான். ரத்தம் உறைய உதவும் காரணிகளைக் கிலோமீட்டர் கல்லுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போவேன். பதின்மூன்று வரை எண் இருக்கிறது, நடுவில் ஆறாம் எண் மட்டும் கிடையாது. அந்தக் கல்லில் தண்ணீர் குடித்துக்கொள்வேன்!

இனி, மனசு கனத்த விஷயம் ஒன்று. 'பிரேவே' என்று நெடுந்தூர சைக்கிள் ஓட்டம் ஒன்று உண்டு. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பரிசு கிடையாது, முடித்தோம் என்ற பேர்தான். நான்கு மாதம் அதற்காகப் பழகினேன். ஞாயிறு விடிகாலையில் ஓட்டம். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பட்டாசு ஆலையில் வெடி விபத்து. எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து வேன் வேனாக ஜனங்கள் போகிற வேலை அது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகியபோது நான் ஒன்றாம் வகுப்பு. ஊரே பேசாமல் உட்கார்ந்திருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இந்த முறை நான் பயிற்சியில் இருந்தேன். தீக்காயத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து போய்விடும். மிச்ச ரத்தம் கெட்டியாகும். பி.சி.வி. ஏறும், சோடியம் பொட்டாசியம் தடுமாறும். மறுபடி மறுபடி பரிசோதித்துச் சொன்னால்தான் எவ்வளவு திரவம் ஏற்றுவது என்று டாக்டர்கள் முடிவு செய்ய முடியும். "உன் டூட்டி முடிஞ்சிருச்சு, வீட்டுக்குப் போ தம்பி" என்றார் மூத்த டெக்னீஷியன். நான் போகவில்லை. குழாய்களுக்குப் பெயர் ஒட்டுவது, சுற்றவிட்டுப் பிரிப்பது, முடிவுகளை வார்டுக்கு ஓடிக் கொடுப்பது... மாணவனால் ஆனது அவ்வளவுதான். இரண்டு ராத்திரி. ஞாயிறு காலை ஓட்டம் தொடங்கிய நேரத்தில் நான் பி.சி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டத்தை விட்டதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த இரண்டு ராத்திரியும் கால் தளராமல் நிற்க முடிந்தது. அந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த ஓட்டத்துக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தது அவர்தான். பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தில் முடித்தேன்.

என்னைப் போல் இரட்டைக் குதிரை ஓட்டுகிற நண்பர்களுக்கு நான் கடைப்பிடிக்கும் மூன்று விதிகள்:

ஒன்று: பரீட்சைக்கு மூன்று வாரம் முன்பிலிருந்து நெடுந்தூரம் கிடையாது. கல்லூரிக்கு வந்து போவது மட்டும்.

இரண்டு: நைட் டூட்டி முடித்த காலையில் சைக்கிளைத் தொடக்கூடாது. ஸ்டாண்டில் விட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். தூக்கம் ரோட்டில் லாரியைவிட மோசமானது.

மூன்று: தலைக்கவசமும் பின்பக்கச் சிவப்பு விளக்கும் இல்லாமல் விடிகாலையில் கிளம்பாதீர்கள். எலும்பு முறிவை எக்ஸ்ரேயில் பார்ப்பது பாடம், நம் எலும்பாக இருந்தால் அது பாடு.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பது நிற்கிறவனுக்குச் சொன்னது. மிதிக்கிறவனுக்கு இரண்டு பெடல் வேண்டும் நண்பர்களே! ஒரு கால் கீழே அழுத்தும்போதுதான் மறு கால் மேலே வருகிறது. ஒன்றை மட்டும் மிதித்துப் பாருங்கள், வண்டி எவ்வளவு தூரம் போகிறது என்று!