ரெண்டாவது சம்பளம் எது சார்?

பிளேஸ்மெண்ட் சீசன்ல இந்தக் கேள்வி உங்களையும் தேடி வரும்: "எம்ப்ளாயி டேபிள்ல ரெண்டாவது அதிக சம்பளம் எது?" எனக்கு வந்தப்போ பயமே இல்லை. சீனியர் நோட்ஸ்ல மனப்பாடம் பண்ணினதுதான். மேக்ஸை விடக் குறைவா இருக்கிறதுல மேக்ஸ். சட்டுன்னு எழுதிட்டேன்.

"சரி, அஞ்சாவது?"

அதுவும் தெரியும். ஆர்டர் பை சேலரி டெசெண்டிங், லிமிட் 1, ஆஃப்செட் 4. அஞ்சாவது வேணும்னா நாலைத் தாண்டணும். இந்த ஒண்ணு குறையுற இடத்துலதான் நிறைய பேர் வழுக்குவாங்க, நான் வழுக்கலை. உள்ளுக்குள்ள ஒரே பெருமை.

அவர் பேனாவை வாங்கி நாலு சம்பளம் எழுதினார்: 90,000, 90,000, 80,000, 70,000. "இதுல ரெண்டாவது எது?"

என் முதல் குவெரி 80,000 தரும். அடுத்ததுல ஆஃப்செட் 1 போட்டா 90,000. ஒரே டேபிள், ஒரே கேள்வி, என் கையெழுத்துல ரெண்டு பதில். "எது சரி?"ன்னு கேட்டார். வாயே திறக்கலை.

திரும்பி வரும்போது பஸ்ல ஸ்கூல் ரேங்க் கார்டு ஞாபகம் வந்தது. ரெண்டு பேர் ஃபர்ஸ்ட் ரேங்க் எடுத்தா அடுத்தவன் செகண்டா, தேர்டா? எங்க கிளாஸ்ல தேர்டுன்னு போட்டாங்க. அதுக்கு நான் வீட்டுல திட்டு வாங்கியிருக்கேன். இங்கேயும் அதே பஞ்சாயத்துதான். அந்த நாலு பேருக்கு ரேங்க் ஃபங்ஷன் 1, 1, 3, 4 என்று போடும். டென்ஸ் ரேங்க் 1, 1, 2, 3. ரோ நம்பர் சமமா இருந்தாலும் கவலைப்படாம 1, 2, 3, 4.

தொகை மட்டும் வேணும்னா சேலரிக்கு டிஸ்டிங்க்ட் போட்டு ஆஃப்செட் வைத்தாலே போதும். ஆள் வேணும்னா லிமிட் 1 ஒருத்தரை மட்டும் காட்டிட்டு மத்தவங்களைச் சத்தமில்லாம விட்டுடும். அங்கே டென்ஸ் ரேங்க்தான். ஆனா அதை நேரா வேர் கண்டிஷன்ல வைக்க முடியாது. உள்ளே சப்குவெரியில நம்பர் போட்டு, வெளியே வடிகட்டணும். மைஎஸ்க்யூஎல் 5.7-ல ட்ரை பண்ணி எரர் வந்தா உங்க தப்பு இல்லை, 2018-ல் வந்த 8.0-லதான் இது சேர்ந்தது. போஸ்ட்கிரெஸ்ல இன்னொரு கூத்து: டெசெண்டிங் போட்டா சம்பளம் நல்லா இருக்கிறவர் இல்லை, சம்பளம் 'நல்' ஆக இருக்கிறவர் முதல்ல நிப்பார். நல்ஸ் லாஸ்ட் சேர்த்துக்கோங்க.

அந்த கம்பெனி லிஸ்ட்ல என் பேர் வரலை. அடுத்த கம்பெனியிலயும் அதே கேள்வி. பேனாவை எடுக்காம, "சார், ரெண்டு பேருக்கு ஒரே சம்பளம் இருக்கலாமா?"ன்னு கேட்டேன்.

"இருக்கலாம், எழுதுங்க"ன்னார். ரிசல்ட் இன்னும் வரலை.