ஐந்து தௌ

நண்பருடைய அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு என்ஜின் வேலை வந்துவிட்டது. அளவுகளை அறிந்த ஒரு பெரியவர் வடசென்னை லேத் பட்டறையில் இருக்கிறார் என்று என்னையும் கூட்டிப்போனார்.

ஹெரால்டு 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி. அதைச் செய்த நிறுவனம் 1980களின் இறுதியில் மூடப்பட்டது. 948 சிசி என்ஜின் இங்கிலாந்து ட்ரையம்ஃப் ஹெரால்டில் இருந்ததுதான் என்பதால் அந்த ஊர்க் கையேட்டின் என்ஜின் அளவுகள் இதற்கும் பொருந்தும். சிலிண்டர் விட்டம் 63 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 76. ஆனால் இடைவெளிகளெல்லாம் அங்குலத்தில்: வால்வுக்குப் பத்து தௌ, பிளக்குக்கு இருபத்தைந்து. தௌ என்றால் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு.

பெரியவரிடம் இருந்தது எண்ணெய் ஊறிய நோட்டு ஒன்று. சிறுவனாகக் கையாள் வேலைக்கு வந்தபோது மேஸ்திரி சொல்லச் சொல்ல எழுதியது. "எழுத்துக்கு முன்னாடியே எனக்கு எண்ணு வந்துடுச்சு தம்பி" என்றார். பக்கத்துக்குப் பக்கம் ஃபியட், அம்பாசிடர், ஹெரால்டு.

சிலிண்டரைக் குடையும் போரிங் எந்திரம் ஓடியதைப் பார்த்தேன். அதில் எனக்குப் பிடிபட்டது குறைவு. என்னைப் பிடித்துக்கொண்டது த்ரஸ்ட் வாஷர். கிராங்க் தண்டு முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் பிறைவடிவத் தகடு. நண்பரைக் கிளட்ச்சை மிதிக்கச் சொல்லி, என்னை முன்பக்கப் புல்லியைப் பார்க்கச் சொன்னார் பெரியவர். கண்ணுக்குத் தெரியும்படி அது முன்னே நகர்ந்தது.

"அஞ்சு தௌ ஆட்டம் இருந்தா சரி. இது அதுக்கு மேல. வாஷர் கழண்டு சம்ப்புல விழுந்துட்டா பிளாக்கே போயிடும். மாட்டும்போது பள்ளம் இருக்கிற பக்கம் கிராங்க்கைப் பாக்கணும். திருப்பி மாட்டினா எண்ணெய் போகாது."

இந்த வாஷரும் பிஸ்டனும் இப்போது கடையில் எளிதாகக் கிடைப்பதில்லை. மூடிய கடைகளின் பழைய சரக்கைத் தரகர்கள் இரும்பு எடைக்கு வாங்கி வைத்துக்கொண்டு, சேகரிப்பாளர்களிடம் வாய்க்கு வந்த விலை சொல்கிறார்கள். எந்தச் சாமான் எந்த வண்டிக்கு என்று அவர்களுக்குச் சொல்வதே இவரைப் போன்றவர்கள்தான். பிஸ்டனுக்குப் பேரம் பேசாத கார்க்காரர், இவருடைய கூலியில் நூறு ரூபாயைக் குறைக்கிறார். இது அநியாயம். அளவு தெரிந்தவனுக்குக் கூலியும் அளவு தெரியாதவனுக்கு லாபமும் என்றால், எந்தப் பையன் இந்தப் பட்டறைக்குள் கால் வைப்பான்? இப்போது அங்கே கையாள் யாரும் இல்லை.

நோட்டை முழுதும் படமெடுத்துக்கொள்ள அனுமதி கேட்டோம். "தாராளமா எடுங்க, நாலு பேருக்குக் குடுங்க" என்றார். நண்பரிடம் மட்டும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார்: நாலு சிலிண்டரும் அளந்து முடியும்வரை எந்தத் தரகருக்கும் பிஸ்டன் முன்பணம் கொடுக்கக் கூடாது.