எடுக்கப்படாத படங்களின் இரசிகன்

திரைப்பட இரசிகர்களுள் ஒரு வகையினர் உளர். அவர்தம் விருப்பம் இரு திசைகளிற் செல்வது. விமர்சகர் கைவிட்ட விசித்திரப் படங்களின்மீது அவர்கள் கொள்ளும் பரிவு ஒன்று. இன்னும் எடுக்கப்படாத அதிமானிட வீரர் படங்களைப் பற்றி அவர்கள் ஓயாது நிகழ்த்தும் ஊகம் மற்றொன்று. முன்னது பழைய குப்பையைக் கிளறுதல் என்றும், பின்னது வேலையற்றோர் பொழுதுபோக்கு என்றும் கற்றோர் ஒதுக்கிவிடுவர். ஆயினும் சற்று ஆழ்ந்து நோக்கின், இவ்விரண்டும் ஒரே மனநிலையின் இரு முகங்கள் என்பது புலனாகும். திரையில் இல்லாத ஒன்றைத் தன் மனத்தால் நிரப்பிக்கொள்ளும் ஆற்றலே அம் மனநிலை. அவ்வாற்றல் இன்று யாருக்குச் சொந்தமாயிருக்கிறது என்பதே ஈண்டு எழும் வினா.

விசித்திரப் படங்களுக்கு முதல் உதாரணமாக எவரும் எடுத்துக்கொள்வது எட் வூட் இயக்கிய ‘பிளான் நைன் ஃபுரொம் அவுட்டர் ஸ்பேஸ்’ என்பதாகும். 1959இல் வெளியான இப்படத்தின் பெரும் நட்சத்திரம் பேலா லுகோசி. அவரோ 1956ஆம் ஆண்டு ஓகஸ்டிலேயே காலமாகிவிட்டார். இறப்பதற்கு முன் அவரைக்கொண்டு எடுக்கப்பட்டிருந்த சில நிமிடக் காட்சிகளை வைத்து முழுப் படத்தையும் வூட் கட்டியெழுப்பினார். எஞ்சிய இடங்களில், தம் மனைவிக்கு முள்ளந்தண்டுச் சிகிச்சை செய்தவரை அழைத்து, மேலாடையால் முகத்தை மறைத்துக்கொண்டு நடக்கச் செய்தார். அம் மனிதருக்கும் லுகோசிக்கும் உருவ ஒற்றுமை கிடையாது. ஒரே காட்சிக்குள் பகலும் இரவும் மாறி மாறி வருகின்றன. 1980இல் வெளிவந்த ஒரு நூல் இதனை உலகின் மிக மோசமான திரைப்படம் என அறிவித்தது. அவ்வறிவிப்பே அதற்குப் புதிய இரசிகர்களைத் தேடிக்கொடுத்தது.

அவர்கள் சிரிப்பதற்காகவே வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் சிரிப்பு மட்டுமே ஒருவனை ஒரே படத்தைப் பத்துத் தடவை பார்க்கச் செய்யாது. இறந்த நண்பர் ஒருவரைத் திரையில் இன்னுஞ் சில காலம் வாழவைக்க முயன்ற வறிய கலைஞன் ஒருவன், அந்த அட்டைக் கல்லறைகளுக்குப் பின்னால் நிற்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். 1994இல் ரிம் பேர்ட்டன் ‘எட் வூட்’ என்ற படத்தை எடுத்தது இக் கண்டுகொள்ளலின் விளைவே எனலாம். அதில் லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டோ ஒஸ்கார் விருதும் பெற்றார். இரசிகனின் கண் படைப்பாளியின் எண்ணத்தைப் படைப்புக்கும் அப்பாற் சென்று காணவல்லது என்பதற்கு இது தக்க சான்று.

இதே பேர்ட்டன் எடுக்காமல் விட்ட படமொன்று இரண்டாவது வகைக்கு உதாரணமாகிறது. 1990களின் பிற்பகுதியில் நிக்கொலஸ் கேஜை நாயகனாகக்கொண்டு ‘சுப்பர்மான் லிவ்ஸ்’ என்ற படத்தை வோனர் நிறுவனம் திட்டமிட்டது. அதற்குக் கதை எழுதிய கெவின் சிமித் பின்னாளிற் கூறியதன்படி, தயாரிப்பாளர் ஜோன் பீற்றர்ஸ் விதித்த நிபந்தனைகள் மூன்று: சுப்பர்மான் பறத்தலாகாது, வழமையான உடை அணிதலாகாது, இறுதியில் ஒரு மாபெருஞ் சிலந்தியோடு பொருதல் வேண்டும். ஆடை ஒத்திகைகள் நடந்தன, புகைப்படங்கள் எடுக்கப்பட்டன. 1998இல் முயற்சி கைவிடப்பட்டது. மறு ஆண்டில் பீற்றர்ஸ் தயாரிப்பில் வந்த ‘வைல்ட் வைல்ட் வெஸ்ட்’ படத்தில் இராட்சத இயந்திரச் சிலந்தி ஒன்று தோன்றியபோது இரசிகர்கள் நகைத்தனர். சிலந்தி எப்படியோ பிழைத்துக்கொண்டது, சுப்பர்மான்தான் பிழைக்கவில்லை.

எனினும் நீண்ட தலைமயிரும் மினுங்கும் உடையுமாக நின்ற கேஜின் புகைப்படம் இரசிகர் மனத்தைவிட்டு அகலவில்லை. எடுக்கப்படாத அப்படத்தின் வரலாற்றைக் கூறும் ஆவணப்படம் ஒன்று 2015இல் வெளியாயிற்று. ஈற்றில் 2023இல் வந்த ‘த ஃபிளாஷ்’ படத்தில், கணினியால் இயக்கப்பட்ட உருவமாக, கேஜின் சுப்பர்மான் சில கணங்கள் தோன்றிச் சிலந்தியோடு போரிட்டார். தாம் படப்பிடிப்பில் நடித்துக்கொடுத்தது அதுவன்று எனக் கேஜ் பின்னர் கூறினார். கால் நூற்றாண்டாக இரசிகர் வளர்த்துவந்த கனவு ஒரு நிமிடக் காட்சிப்பொருளாகச் சுருங்கிற்று. கற்பனையில் நிறைவாயிருந்த ஒன்று கையிற் கிடைத்தபோது வெறுமையாகிவிட்டமை சிந்திக்கற்பாலது.

படங்கள் எடுக்கப்படாமலிருப்பதிலும் விந்தையானது, எடுத்து முடித்த பின் மறைக்கப்படுவது. ‘ஃபன்டாஸ்டிக் ஃபோர்’ கதையின் உரிமை தம் கையைவிட்டுப் போகாதிருக்க, 1992 இறுதிக்குள் படப்பிடிப்பைத் தொடங்கவேண்டிய நெருக்கடி ஒரு ஜேர்மன் தயாரிப்பாளருக்கு ஏற்பட்டது. ரொஜர் கோர்மனின் துணையோடு ஏறத்தாழ 10 இலட்சம் டொலர் செலவில் அது அவசரமாக எடுக்கப்பட்டது. அதில் நடித்த இளைஞர்கள், தம் வாழ்வின் பெரும் வாய்ப்பு இதுவென நம்பித் தாமாகவே ஊரூராகச் சென்று விளம்பரஞ் செய்தனர். 1994இன் தொடக்கத்தில் முதற்காட்சி இரத்தாயிற்று. படம் திரைக்கு வரவேயில்லை. கள்ளப் பிரதிகள் வழியே அதனைக் காப்பாற்றியோர் இரசிகர்களே. இது பழங்கதையன்று. ஏறத்தாழ 90 மில்லியன் டொலர் செலவானதாகக் கூறப்பட்ட ‘பட்கேள்’ திரைப்படத்தை, அது முடிவடையும் தறுவாயில், 2022 ஓகஸ்டில் அதன் நிறுவனம் கிடப்பிற் போட்டது. வரிச் சலுகையே காரணமெனச் செய்திகள் கூறின. அக் கணக்கேட்டில் கலைஞரின் உழைப்புக்கோ இரசிகனின் எதிர்பார்ப்புக்கோ ஒரு நிரல் இல்லை.

இந் நிலையில் இரசிகன் வெறுமனே காத்திருப்பவனாக இருக்க மறுப்பது இயல்பே. 2017இல் ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்தின் இயக்குநர் சாக் சினைடர் குடும்பத் துயரொன்றால் விலக, வேறொருவர் அதனை மாற்றி முடித்தார். மூல வடிவத்தை வெளியிடுமாறு இரசிகர் கிளர்ச்சி செய்தனர். தற்கொலைத் தடுப்புப் பணிக்கு அவர்கள் பெருந்தொகை திரட்டியமை பாராட்டுக்குரியது. அவர்களுட் சிலர் மாற்றுக் கருத்தினரை வசைமாரியால் துன்புறுத்தியமை கண்டனத்துக்குரியது. 2021 மார்ச்சில் நான்கு மணிநேரப் படம் வெளியாயிற்று. இரசிகரின் வெற்றி என அதனைக் கொண்டாடினர். ஆயின் அந் நிறுவனம் அப்பொழுதுதான் தொடங்கியிருந்த வீட்டுத்திரைச் சேவைக்கு அவ் வெற்றி இலவச விளம்பரமாகவும் அமைந்தது என்பதை மறத்தலாகாது.

ஊகம் இங்கேதான் தன் களங்கமின்மையை இழக்கிறது. 2014 ஒக்டோபரில் வோனரும் மார்வலும் பல ஆண்டுகளுக்கு வேண்டிய படப் பட்டியல்களை முன்கூட்டியே அறிவித்தன. வோனர் 2020ஆம் ஆண்டுக்குக் குறித்த ‘சைபோர்க்’ வரவேயில்லை. மார்வலின் ‘இன்ஹியூமன்ஸ்’ தொலைக்காட்சித் தொடராகக் குறுகிற்று. ஆயினும் யார் நடிப்பார், யார் மடிவார், எவர் மீள்வார் என்ற பேச்சு ஓயவில்லை. படம் வராவிடினும் பேச்சு விற்பனையாயிற்று. ஊதியம் பெறாத உழைப்பாளியாக இரசிகன் மாறினான். இத்துறையில் இது புதிதன்று. சுப்பர்மானைப் படைத்த சீகல், சுஸ்ரர் ஆகிய இளைஞர் இருவரும் 1938இல் அவ்வுரிமைக்குப் பெற்றது 130 டொலர் மாத்திரமே. பல்லாண்டுப் போராட்டத்தின் பின், 1975இலேயே அவர்களுக்கு ஆண்டுக்கு 20,000 டொலர் உதவித்தொகையும் பெயர்க்குறிப்பும் கிடைத்தன. படைத்தவனுக்கே இந் நிலையென்றால், கனவு காண்பவனின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

அதனால் ஊகித்தலைக் கைவிடுக என்பது முடிவாகாது. ஒரு கதை எவ்வாறு அமைந்திருக்கலாம் என எண்ணிப் பார்ப்பது விமர்சனத்தின் முதற்படி. சுப்பர்மான் பறக்காவிடின் அவன் சுப்பர்மானா என்று வாதிடும் இளைஞன், ஒரு பாத்திரத்தின் உயிர்நாடி எதுவென்ற இலக்கிய வினாவையே எழுப்புகிறான். அவ்வினா அவனுடையதாக இருக்கும்வரை அவன் இரசிகன். அடுத்த அறிவிப்புக்காக மட்டும் வாய்பிளந்து நிற்கும்போது அவன் வாடிக்கையாளன்.

எட் வூட்டின் படத்தை விரும்புபவனிடம் எவரும் எதையும் விற்க முனைந்ததில்லை. உலகம் எள்ளியதை அவனே தேடிக் கண்டு, அவனே மதிப்பிட்டு, அதிலிருந்த மனிதத்தைத் தானே உணர்ந்துகொண்டான். அந்தச் சுதந்திரத்தை வரவிருக்கும் படங்களைப் பற்றிய தன் பேச்சுக்கும் அவன் கொண்டுவருவானாயின், பட்டியல்களை அறிவிப்போர் அவனுக்கு எசமானர் ஆகமாட்டார். எடுக்கப்படாத படம் எவருடைய உடைமையும் அன்று. அதனை மனத்திலே எடுத்துப் பார்ப்பவனுக்கே அது உரியது.