வாயில்லா அமானிதம்

அரியலூரிலிருக்கும் என் மகள் குடும்பத்தோடு துபாய் புறப்பட ஆயத்தமானபோது, பேத்தி தன் பூனையையும் அழைத்துச் செல்ல வேண்டுமென்று அழுதாள். தோலுக்கடியில் மைக்ரோசிப், வெறிநோய்த் தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை, அமீரகத்தின் இறக்குமதி அனுமதி, புறப்படுமுன் நலச்சான்று என மருமகன் அடுக்கினார். "ஒரு பூனைக்கா இத்தனை?" என்று நகைத்தேன்.

மறுவாரம் ஒரு நிக்காஹ்வுக்காக லெப்பைக்குடிகாடு சென்றிருந்தேன். வளைகுடா சென்றோரின் பூட்டிய வீட்டுத் திண்ணையில், ஒட்டிய வயிற்றுடன் ஒரு பூனை கதவையே நோக்கிக் கிடந்தது.

பூனையைக் கட்டிவைத்து, உணவும் இடாமல், இரைதேட அவிழ்த்தும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்தாள் என்பது நபிமொழி. அதை அறிவித்தோருள் ஒருவர், பூனைக்குட்டியால் பெயர் பெற்ற அபூஹுரைரா (ரலி) அவர்கள். பல்லாண்டுகள் மாணவர்க்கு அதைப் போதித்தவன் நான். ஆயினும் கயிற்றை மட்டுமே கட்டு என்று எண்ணியிருந்தேன். கையால் ஊட்டி, இரைதேடும் பழக்கத்தை மறக்கடித்தபின் கைவிடுவதும் கட்டல்லவா?

சான்றுகள் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகுமாம். அதுவரை பூனை பெரம்பலூரில் என் வீட்டில். ஃபஜ்ரு தொழுது திரும்புகையில் வாசலில் காத்திருக்கிறது. நகைத்தவனிடமே அமானிதம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.